ரிசர்வ் விளக்கோடு ஓட்டினால் பெட்ரோல் பம்ப் போய்விடுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தாராபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2014 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். தினமும் போக வர 60 கிலோமீட்டர். ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகுதான் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுவேன், அது தீர்ந்து மறுபடி எரிந்ததும் இன்னொரு 500. என் மாமனார், "டேங்க் அடியில் இருக்கிற கசடெல்லாம் இன்ஜினுக்குப் போயிடும், பம்ப் எரிஞ்சுடும்" என்று தினமும் சொல்கிறார். கூட வேலை பார்க்கும் சார் ஒருவர், "அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிக்கு, இப்போ வர்றதுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார். யார் சொல்வது சரி? சில மாதமாகக் காலையில் இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்பினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? என் தம்பி டிராவல்ஸில் டீசல் வண்டி ஓட்டுகிறான், அவனுக்கும் இதே பழக்கம்தான். அடுத்த மாதம் குடும்பத்தோடு என் வண்டியில் வால்பாறை போகிறோம்.

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் மாமனார் சொன்னதில் பாதி சரி, அந்த சார் சொன்னதிலும் பாதி சரி. ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் மாமனார் சொல்வதுதான் முழுக்கச் சரி, அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் பம்ப் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800-இல் பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே இருந்தது, இன்ஜின் சுற்றும்போது அதுவும் அடித்து பெட்ரோலை டேங்கிலிருந்து இழுக்கும். காற்றை இழுத்தாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, வண்டி நிற்கும், பெட்ரோல் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு மறுபடி ஓடும். உங்கள் வண்டி அப்படியில்லை. உங்கள் வண்டியில் பம்ப் ஒரு மின்சார மோட்டார், அது டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோலுக்குள் கரண்ட் மோட்டாரா, தீப்பிடிக்காதா என்று பலர் கேட்பார்கள். எரிவதற்குக் காற்றும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். டேங்குக்குள் பெட்ரோல் ஆவியே நிறைந்திருப்பதால் எரிகிற அளவுக்குக் காற்று இருக்காது. டேங்க் குறைவாக இருந்தாலும் அப்படித்தான், அந்தப் பயம் வேண்டாம்.

இந்த மோட்டாரைக் குளிரவைப்பது பெட்ரோல்தான். மோட்டாருக்கு உள்ளேயே பெட்ரோல் பாய்ந்து, அதன் சூட்டை எடுத்துக்கொண்டு, சுமார் 3 பார் அழுத்தத்தில் இன்ஜினுக்குப் போகிறது. உள்ளே உராய்கிற பாகங்களுக்கு வழவழப்பு கொடுப்பதும் அதுவே. பெட்ரோல் இல்லாமல் காற்றை இழுத்துக்கொண்டு சுற்றினால் சூடேறும், தேயும். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் மாமனார் பயப்படுவது இதை நினைத்துத்தான், அந்தப் பயம் நியாயமானது.

அப்படியானால் அந்த சார் சொன்னதில் எது சரி? பம்ப் டேங்கின் தரையில் சும்மா நட்டு வைத்தது போல் நிற்கவில்லை. அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கும். பெரிய டம்ளருக்குள் பம்ப் நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் மட்டம் குறைந்தாலும் இந்தக் கப்புக்குள் பெட்ரோல் நிரம்பியே இருக்கும்படி, பம்ப் தள்ளுகிற பெட்ரோலில் ஒரு சின்னப் பங்கையே பயன்படுத்தி வெளியே இருப்பதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிற அமைப்பு உண்டு. வளைவில் திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது இது. அதனால் ரிசர்வ் விளக்கு எரிந்த உடனே பம்ப் சூடாகி எரிந்துவிடும் என்று சொன்னால் அது தப்பு. விளக்கு எரியும்போது பெரும்பாலான சின்ன கார்களில் சுமாராக 5 முதல் 7 லிட்டர் வரை மிச்சம் இருக்கும், மாடலுக்கு மாடல் இது மாறும். அந்த நிலையில் 20, 30 கிலோமீட்டர் போய் பங்க்கைப் பிடித்தால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கசடு விஷயத்துக்கு வருவோம். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது அடியிலிருந்துதானே வருகிறது? டேங்க் நிறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் பம்ப் உறிஞ்சுவது எப்போதும் அடியில்தான். மேலாக மிதப்பதை முதலில் குடித்து, கடைசியில் கசடைக் குடிக்கிற ஏற்பாடு எந்தக் காரிலும் கிடையாது. அடியில் அழுக்கு இருந்தால் டேங்க் நிரம்பியிருந்த நாளிலும் அது ஃபில்டருக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கும். மாமனார் காலத்து இரும்பு டேங்க் துருப்பிடிக்கும், செதில் செதிலாக உதிரும், அவர் பார்த்த அனுபவம் அது. இப்போது வருகிற கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் டேங்க், துருவே கிடையாது. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சமாக இருக்கிற பெட்ரோல் அதிகமாகக் குலுங்கும், அடியில் படிந்த தூசி அதில் கலங்கி எழும். நிறைய பெட்ரோலில் பரவிப் போகிற அழுக்கு அந்த 5 லிட்டரில் அடர்த்தியாக நிற்கும்.

போன மாதம் இரண்டு கார்களில் ஒரே நாளில் பம்ப்பைக் கழற்றினேன். பின் சீட்டைத் தூக்கினால் கீழே ஒரு மூடி, அதைத் திறந்து, பெரிய நட்டைச் சுழற்றி, மொத்த செட்டையும் மேலே எடுக்க வேண்டும், அன்றைக்கு முழுக்கக் கையில் பெட்ரோல் வாடை போகாது. அடியில் கைக்குட்டை மடித்தது போல ஒரு வலைப்பை இருக்கும், அதுதான் முதல் வடிகட்டி. ஒன்றில் அது கொஞ்சம் பழுப்பேறி, பல நாள் புழங்கிய டீ வடிகட்டி போல் இருந்தது, ஊதினால் காற்று போனது. இன்னொன்றில் கருப்பாகப் பசை மாதிரி அடைத்துப் போயிருந்தது, ஊதிப் பார்த்தேன், காற்றே போகவில்லை. இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர் ஓடியவை. இரண்டாவது கார்க்காரர் எப்போதும் விளக்கு எரியவிட்டே ஓட்டுபவர். அதனால்தான் அடைத்தது என்று அந்த ஒரு வண்டியை வைத்துச் சொல்லிவிட மாட்டேன், அவர் பெட்ரோல் போடுகிற இடமும் காரணமாக இருக்கலாம். ஆனால் வலை அடைத்தால் பம்ப் மூச்சுத் திணறும், உள்ளே பாய்கிற பெட்ரோல் குறைவதால் சூடும் ஏறும். எப்போதும் குறைந்த மட்டத்தில் வைத்திருப்பதன் கெடுதல் இப்படி மெதுவாகச் சேர்வதுதான், ஒரே நாளில் வெடித்துவிடுவது கிடையாது.

இதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், ஒரு அளவு வரை அது கரைந்து எரிந்தே போய்விடும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்காரும், பம்ப்பும் அடியில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏதோ ஒரு வழியில் ஒரு டம்ளர் தண்ணீர் டேங்குக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 லிட்டரில் அது ஒருவேளை தெரியாமலே போகலாம், 4 லிட்டரில் வண்டி நிற்கும். லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு மாதம் காரை நிறுத்தி வைப்பதானால் ரிசர்வில் நிறுத்தாதீர்கள்.

சரி, உண்மையிலேயே கெடுதல் செய்வது எது? முழுக்கத் தீரவிடுவதுதான். கடைசிச் சொட்டு வரும்போது பம்ப் பாதி காற்றும் பாதி பெட்ரோலுமாக அனுப்பும். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும். அந்த நேரத்தில் சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்துவதற்காக இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும், அது தாங்குகிற சூட்டைத் தாண்டினால் உள்ளே தேன்கூடு போல இருக்கிற பகுதி உருகிவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் பம்ப் விலை ஒன்றுமேயில்லை. ஒரு தடவை நின்றதாலேயே இதெல்லாம் நடந்துவிடாது, ஆனால் "இன்னும் கொஞ்ச தூரம்தான், பங்க் வந்துவிடும்" என்று குலுங்குகிற வண்டியை ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து ஓட்டுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். பின்னால் லாரி வருகிற ரோட்டில் குழந்தைகளோடு அப்படி நிற்பதை நினைத்தால் எனக்கு பம்ப், கன்வெர்ட்டர் எல்லாம் இரண்டாம் பட்சம்தான்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 500 ரூபாய்க்கு இன்றைய விலையில் 5 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தால் 90 கிலோமீட்டர் சொச்சம். தினம் 60 ஓட்டுகிறீர்கள், அதாவது ஒன்றரை நாளில் மறுபடி விளக்கு. உங்கள் வண்டியின் டேங்க் 42 லிட்டர், அதில் நீங்கள் புழங்குவது அடியில் இருக்கிற நாலில் ஒரு பங்கு மட்டும்தான், மேலே இருக்கிற முக்கால் பங்கு வாங்கிய நாளிலிருந்து காலியாகவே இருந்திருக்கும் போல. முள் கொஞ்சம் ஏமாற்றினாலோ, மிதவை தேய்ந்து தப்பாகக் காட்டினாலோ, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் மாட்டினாலோ உங்களுக்குக் கைவசம் ஒன்றும் இல்லை.

500 ரூபாய்க்குப் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் மொத்தமாக 4000 ரூபாயை டேங்கில் ஊற்றிவிட்டு உட்கார முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை, சம்பளம் வந்த வாரத்தில், வழக்கமான 500-க்கு மேலே ஒரு 1000 ரூபாய் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அந்த 10 லிட்டர் டேங்கிலேயே கிடக்கட்டும், அதைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகு எப்போதும் போல ஒன்றரை நாளுக்கு ஒரு தடவை 500 ரூபாய்தான். முள் கால் டேங்க் கோட்டுக்கு மேலே இருக்கும்போதே போடுவீர்கள், விளக்கு எரிவதற்கு வேலையே இருக்காது. மாதச் செலவு ஒரு ரூபாய் கூடாது, ஏனென்றால் அந்த 1000 ரூபாய் செலவாகவில்லை, டேங்கில் இருக்கிறது. டேங்கில் அதிகம் இருந்தால் கனம், மைலேஜ் குறையும் என்று யாராவது சொன்னால், 10 லிட்டர் பெட்ரோலின் எடை ஏழரை கிலோ பக்கம்தான், ஒரு அரிசிச் சிப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது என்று சொல்லுங்கள்.

அதற்காக எதிர்ப்பக்கமும் போய்விட வேண்டாம். முழு டேங்க் போடும் நாளில் நாஸில் தானாக 'டக்' என்று நின்ற பிறகு, ரவுண்டாக வரட்டும் என்று பங்க் தம்பி இன்னும் இரண்டு மூன்று தடவை அழுத்துவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பா ஒன்று இருக்கிறது, அளவுக்கு மீறி ஊற்றினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அதற்குள் போய் அது கெட்டுவிடும்.

காலை ஸ்டார்ட்டிங் பிரச்சினை. நாளைக் காலை இதைச் செய்து பாருங்கள். ரேடியோ, ஏசி எல்லாம் ஆஃப் செய்துவிட்டு சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின் சீட்டுக்குக் கீழிருந்து இரண்டு நொடி மெல்லிசாக ஒரு 'ங்ஙீ' சத்தம் வந்து நிற்கும், அது பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம். நின்றதும் ஆஃப் செய்து மறுபடி ஆன், இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டால் ராத்திரி முழுக்க நிற்கும்போது அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்ப்பில் இருக்கிற ஒருவழி வால்வு கசியலாம், பம்ப்பே தளர்ந்திருக்கலாம், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் ஒன்று சொட்டலாம். மூன்று தடவைக்குப் பிறகும் அதே கதைதான் என்றால் முதலில் பேட்டரியையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் விடாமல், ரேடியோவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு வந்தால் பம்ப் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. எதுவானாலும் பம்ப்பை மாற்று என்று நேரடியாகச் சொல்லாதீர்கள், பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, சில ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

வால்பாறைக்குப் போவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஏற்றம் முழுக்க இரண்டாவது மூன்றாவது கியரில் போக வேண்டும், லிட்டருக்கு 18 கொடுக்கிற வண்டி 10, 11 கொடுத்தால் அதிகம். டேஷ்போர்டில் இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று காட்டுகிற கணக்கு நீங்கள் சமவெளியில் ஓட்டிய சராசரியை வைத்துப் போட்டது, மலை ஏற ஆரம்பித்தால் கண்ணெதிரே இறங்கும். ஏற்றத்தில் பெட்ரோல் பின்பக்கமாக ஒதுங்கும், வளைவில் பக்கவாட்டில் ஒதுங்கும், மட்டம் குறைவாக இருந்தால் பம்ப் காற்று இழுக்க வாய்ப்புள்ள இடம் இதுதான். முள்ளும் சரியாகக் காட்டாது. பொள்ளாச்சியிலேயே பாதி டேங்குக்கு மேலே போட்டுக்கொண்டு ஏறுங்கள். அவசரத்துக்கு என்று தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து சீட்டுக்கு அடியில் வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், மூடிய காருக்குள் அது வெடிகுண்டு.

அப்புறம் உங்கள் தம்பி. டீசல் வண்டி என்றதும் எனக்கு இன்னும் கவலை. பெட்ரோல் வண்டியில் 3 பார் அழுத்தம் என்றேன். இப்போதைய டீசல் வண்டிகளில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைக்கிறார்கள், அந்தக் குழாய்தான் ரெயில். இந்தக் காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1600 பார் வரைக்கும், சிலவற்றில் 2000-க்கும் போகும். நம் கார் டயரில் இருக்கிற காற்றைப் போல 700 மடங்குக்கும் மேல். இந்த அழுத்தத்தை உண்டாக்குகிற பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, பெரும்பாலானவற்றில் டீசலே அதற்கு எண்ணெய். தலைமுடியை விட எத்தனையோ மெல்லிசான இடைவெளியில் இரும்போடு இரும்பு ஓடுகிறது, நடுவில் இருப்பது டீசல் படலம் மட்டும். வண்டிப் புகைக்கான அரசு விதிதான் பிஎஸ், அதில் பிஎஸ்4-இல் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்த கந்தகம் 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ்6 டீசலில் 10 பங்குதான். காற்றுக்கு நல்லது, ஆனால் கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைகிறது, அதைத் தனியாகக் கலந்து ஈடுகட்டுகிறார்கள். அந்த டீசலும் இல்லாமல் காற்று புகுந்தால் இரும்பு இரும்பைச் சுரண்டும்.

என்னிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். பழனியில் முகூர்த்தம், நடு ராத்திரி, ஒட்டன்சத்திரம் தாண்டி டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. டிரைவர் பாவம், உள்ளே மாப்பிள்ளை வீட்டார், எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். யாரிடமோ 2 லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டு ஹேண்ட் பம்ப்பை அமுக்கிக் காற்றை எடுக்காமல் பேட்டரி இறங்குகிற வரைக்கும் ஸ்டார்ட் அடித்திருக்கிறார். எப்படியோ ஓடியது, கல்யாணமும் நடந்தது. இரண்டு வாரம் கழித்துப் புகையும் தட்டல் சத்தமுமாக என்னிடம் வந்தது. ஃபில்டரைக் கழற்றி அதிலிருந்த டீசலை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி டார்ச் அடித்தேன். பட்டுப்புடவை ஜரிகையைப் பொடி செய்து தூவின மாதிரி மினுமினுவென்று இருந்தது. அத்தனையும் பம்ப்பிலிருந்து தேய்ந்து வந்த இரும்பு. அது ரெயிலுக்கும் நாலு இன்ஜெக்டருக்கும் போய், திரும்பி டேங்குக்கும் வந்துவிட்டது. பம்ப்பை மட்டும் மாற்றினால் போதாது, இன்ஜெக்டர், ரெயில், ஃபில்டர், டேங்க் கழுவுவது என்று கணக்கு லட்சத்தைத் தாண்டியது. சொந்த வண்டி வைத்து டிராவல்ஸ் ஓட்டுகிற மனிதர், அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தம்பிக்குச் சொல்லுங்கள், டீசலில் கால் டேங்குக்குக் கீழே போகவே வேண்டாம். தப்பித் தவறி நின்றுவிட்டால் 5 லிட்டராவது ஊற்றி, அவன் வண்டியில் கையால் அமுக்குகிற பம்ப் இருந்தால் அது கல் மாதிரி இறுகும் வரை அமுக்கிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் பிடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் பார்க்கட்டும். இரண்டு மூன்று தடவையில் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மலிவு. தேசிய நெடுஞ்சாலையில் மாட்டினால் 1033-க்கு அடிக்கலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

அவன் வண்டி என்ன மாடல், டீசல் ஃபில்டரைக் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் மாற்றினான், இதுவரை எத்தனை தடவை டீசல் தீர்ந்து நின்றிருக்கிறது, இந்த மூன்றையும் கேட்டு எழுதுங்கள் டீச்சர். ஒரு தடவையாவது நின்றிருக்கிறது என்றால், அடுத்த சர்வீஸில் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், அதிலிருக்கிற டீசலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் வைத்து அவனே பார்க்கட்டும்.